உனக்கு எந்த உடம்பு?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த 61 நாளும் மண்டபத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சாயங்காலமானால் பாய் விரித்துவிடுவோம். நான் ஐஸ் பிளாண்டில் கணக்கு எழுதுகிறேன். படகு நின்றால் எனக்கும் பாதி நாள் ஓய்வுதான். மாமா மகன் விசைப்படகில் போகிறவன். கீழக்கரையில் செல்போன் கடை வைத்திருக்கும் காக்கா (இந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கடையைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டு பைக்கில் வந்துவிடுவார். பக்கத்து வீட்டுத் தமிழ் டீச்சர், பிளஸ் டூ படிக்கும் அவர் மகன், பாம்பனிலிருந்து வரும் ஒரு கல்லூரிப் பெண் என்று மொத்தம் ஆறு பேர்.

நாங்கள் ஆடுவது கதை ஆட்டம். ஒருவர் உலகத்தையும் அதில் நடப்பதையும் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராக அந்தக் கதைக்குள் நடமாடுவார்கள். முடியுமா முடியாதா என்ற சந்தேகம் வரும்போது இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகை ஆட்டங்களுக்கு மூத்தது. 2023-இல் நாங்கள் ஆரம்பித்தபோது பகடை வந்து சேரவில்லை. இருபது புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கி, ஒன்று முதல் இருபது வரை எழுதி, காபித்தூள் டப்பாவில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்போம். பகடை வந்த பிறகும் புயல் காட்சிக்கு மட்டும் டப்பாதான் வேண்டும் என்பான் மாமா மகன். அந்தக் கடகட சத்தம் அவனுக்கு வேண்டும்.

மூன்று தடைக்காலம் கதை நடத்தியதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரே கேள்விதான். இந்த உலகத்தில் மனிதரைத் தவிர யாராக எல்லாம் பிறக்கலாம்?

முதல் வருடம் நான் எதையும் மறுக்கவில்லை. டீச்சர் மகன் கொண்டுவந்த 2014 பதிப்பு விதிப்புத்தகத்தில் ஒன்பது வகை இருந்தன: எல்ஃப், டுவார்ஃப், ஹாஃப்ளிங், டிராகன்பார்ன், டீஃப்லிங் என்று. இணையத்தில் இன்னும் எத்தனையோ. பிடித்ததை எடுங்கள் என்று சொல்லிவிட்டேன். டீச்சர் மகனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவோம், அவன் பறக்கும் பறவை மனிதனை எடுத்தான்.

கதையின் மையம் ஒரு பாலம். நம் பாம்பன் பாலத்தை மனதில் வைத்து, நடுவில் உடைந்துபோன பாலமாக எழுதியிருந்தேன். சுழி ஓடும் கால்வாயை எப்படிக் கடப்பது, யாரிடம் படகு கேட்பது, படகுக்காரர் பதிலுக்கு என்ன கேட்பார் என்று மூன்று சாயங்காலத்துக்குச் சரக்கு வைத்திருந்தேன். தம்பியின் கேரக்டர் ஆறு விநாடிக்கு ஐம்பது அடி பறக்கும். பாலத்தின் நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். கணக்குப் போட்டால் பதினான்கு நிமிடம்கூட ஆகாது. ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் மீது தப்பில்லை, நான்தான் சரி என்று சொல்லியிருந்தேன். ஆனால் மற்ற நான்கு பேரும் கீழே நின்று அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இருட்டிலும் அதே சிக்கல். அந்த ஒன்பது வகையில் மனிதர், ஹாஃப்ளிங், டிராகன்பார்ன் தவிர மீதி ஆறு வகைக்கும் இருட்டில் அறுபது அடி வரை கண் தெரியும். எங்கள் மாடியில் நான்கு பேர் அப்படிப்பட்டவர்கள். ராத்திரிக் கடலில் விளக்கு அணைந்த படகு என்றால் என்ன என்று மாமா மகனுக்கு உடம்பாலேயே தெரியும். அந்தக் காட்சியைச் சொன்னபோது எல்லாரும் "எனக்குத்தான் தெரியுமே" என்றார்கள். பயம் போய்விட்டது. எல்லாரிடமும் இருக்கும் சக்தி யாருக்கும் சக்தி இல்லை. அது கதைசொல்லியின் கையிலிருந்து ஒரு பொருளைப் பிடுங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒரு உடம்பைச் சேர்க்கும் முன், இது எந்தக் காட்சியை அழிக்கும் என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் இருந்தது. எல்ஃப் என்றால் அடர்காடு, டுவார்ஃப் என்றால் மலைக்குள் சுரங்கம். எங்களைச் சுற்றி இருப்பது பனையும் உடைமரமும் சீமைக்கருவேலமும். மலை பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறிப் பல மணி நேரம் போக வேண்டும். காக்கா டுவார்ஃபாக நன்றாகத்தான் ஆடினார். ஆனால் அவர் என்ன சாப்பிடுவார், வீட்டில் என்ன மணக்கும் என்று கேட்டால் அவரும் யோசித்தார், நானும் யோசித்தேன். கடலோரத்துக் கதையில் கடலை அறியாத உடம்புகளாக நிரப்பிவிட்டோம்.

இரண்டாம் வருடம், 2024-இல், நாமே செய்வோம் என்று முடிவெடுத்தேன். பிப்ரவரியிலேயே நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். முதலில் எழுதிய வகைக்குக் குளியர் என்று பெயர் வைத்தேன். முத்துக்குளிப்பும் சங்குகுளிப்பும் நடந்த கரை இது. அந்தப் பெருமையில் எழுதினேன். குளியர் பிறவியிலேயே மூச்சடக்குவார்கள், துணிச்சல்காரர்கள், உடல்வலு கூடுதல், படிப்பு மட்டும் இரண்டு புள்ளி குறைவு, குளிப்பதுதான் அவர்கள் தொழில். அடுத்த பக்கத்தில் வணிகம் செய்யும் ஒரு வகை. அதற்கு அடுத்து காவல் காக்கும் ஒரு வகை.

ஏப்ரல் 15 அன்று நோட்டை எல்லாரிடமும் கொடுத்தேன். பாம்பன் பெண்ணின் அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர். லீவு நாளில் இவளும் போவாள். விரல்களில் துணிக்கீற்று சுற்றிக்கொண்டுதான் பாறையில் பாசியைப் பறிப்பார்கள், அப்படியும் கீறும். நோட்டைப் புரட்டிய அந்த விரல் நுனிகளில் பழைய கீறல்கள் வெள்ளைக் கோடுகளாக இருந்தன. குளியர் பக்கத்தில் நிறுத்திக் கேட்டாள்.

"அண்ணே, குளியராப் பொறந்தா குளிக்கத்தான் செய்யணுமா?"

"வேற வேலையும் எடுக்கலாம். ஆனா படிப்பு சம்பந்தமா எடுத்தா நம்பர் கொஞ்சம் குறையும்."

"காலேஜுக்கு அப்ளிகேஷன் போடுறப்ப என்கிட்டயும் ஒருத்தர் இதத்தான் சொன்னாரு."

யாரும் எதுவும் பேசவில்லை. நான் நோட்டை வாங்கி வைத்துவிட்டேன். அன்று ஆட்டம் நடக்கவில்லை. டீச்சர் போட்ட டீயைக் குடித்துவிட்டுக் கலைந்தோம்.

ராத்திரி மறுபடி படித்துப் பார்த்தேன். பிறப்பைச் சொன்னால் தொழிலைச் சொல்லிவிடலாம், தொழிலைச் சொன்னால் குணத்தையும் அறிவையும் சொல்லிவிடலாம் என்ற ஏற்பாட்டுக்கு நம் ஊரில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. கற்பனை உலகம் என்ற பெயரில் அதை அப்படியே எழுதி வைத்திருந்தேன். டுவார்ஃப் என்றால் கொல்லர் என்று படித்தபோது எனக்கு அது உறைக்கவில்லை, தூரத்துச் சரக்காக இருந்தது. நம் கரையின் பெயர்களைப் போட்டதும் அது சாதிப் பட்டியலாகிவிட்டது.

மறுநாள் கேரக்டர் தாளில் மூன்று கட்டம் போட்டேன்: உடம்பு, ஊர், தொழில். உடம்பு என்ற கட்டத்தில் உடம்பு செய்வதை மட்டும் எழுத வேண்டும். எப்படி மூச்சு விடும், எது தெரியும், எது கேட்கும், எதைத் தின்னும், எது தாங்காது. துணிச்சல், தந்திரம், படிப்பு எதற்கும் அதில் இடமில்லை. மொழியும் பழக்கமும் ஊர்க் கட்டத்துக்குப் போகும். கூடுதல் புள்ளி வேண்டுமா, தொழிலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எந்த உடம்பும் எந்தத் தொழிலும் செய்யலாம். அதே வருடம் செப்டம்பரில் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் புதிய விதிப்புத்தகத்திலும் கூடுதல் புள்ளிகளைப் பிறப்பிலிருந்து எடுத்து, வளர்ந்த பின்னணிக்கு மாற்றியிருந்தார்கள். 'ரேஸ்' என்ற சொல்லை விட்டு 'ஸ்பீஷீஸ்' என்று போட்டிருந்தார்கள். தம்பி அதைக் காட்டியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். இணையத்தில் தமிழில் இதற்கு 'இனம்' என்று எழுதுகிறார்கள். இலங்கையிலிருந்து தப்பி வந்தவர்களின் முகாம் இருக்கும் ஊர் மண்டபம். இங்கே உட்கார்ந்து அந்தச் சொல்லை விளையாட்டாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'உயிரினம்' என்றால் பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. கடைசியில் ஆட்டத்தில் வாய்க்கு வந்ததே நிலைத்துவிட்டது. புதிதாக யாராவது வந்தால் முதல் கேள்வி, "உனக்கு எந்த உடம்பு?"

எந்த உடம்புகள் என்பதற்கு டீச்சர் ஒரு வழி காட்டினார். தொல்காப்பியத்தின் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பிரித்திருக்கிறது. புல்லுக்கும் மரத்துக்கும் தொடுஉணர்வு மட்டும். நத்தை, சங்கு போன்றவற்றுக்குச் சுவையும் சேர்த்து இரண்டு. எறும்புக்கு மூக்கோடு மூன்று. நண்டுக்கும் தும்பிக்கும் கண்ணோடு நான்கு. விலங்குக்குக் காதோடு ஐந்து. மனிதருக்கு மனமும் சேர்ந்து ஆறு. "இதுல நண்டுக்குக் காது இல்ல பாருங்க" என்றார் டீச்சர். அதைப் பிடித்துக்கொண்டேன். புள்ளிகளைக் கூட்டிக் குறைப்பதைவிட, ஒரு புலனை மாற்றுவது ஆடுகிறவரை உடனே வேறு ஆளாக்கிவிடுகிறது.

அப்படி வந்தவர்கள் அலவர். சங்கப் பாட்டில் நண்டுக்கு அலவன் என்று பெயர். முதலில் அவர்களை எதிரிகளாகத்தான் வைத்திருந்தேன். தனுஷ்கோடிக்கு அப்பால் ஒரு மணல்திட்டு, அதில் ஓடுடைய உடம்புகள் வளைத்துக்கொள்கின்றன, சண்டை. மாமா மகன் வாளெடுக்கும் முறையில் இருந்தான். பாம்பன் பெண், "இதுங்களுக்குக் காது கேக்காதுல்ல? அப்ப எப்படிப் பேசிக்குதுங்க?" என்றாள். மணலில் அதிர்வு தெரியும் என்றேன். அவள் கேரக்டர் வத்தையின் (எங்கள் பக்கத்து நாட்டுப்படகு) பக்கப் பலகையில் கையால் தட்டியது. அவளே பாய்க்குப் பக்கத்தில் தரையில் தட்டிக் காட்டினாள்: மெதுவாக மூன்று, நிறுத்தி, மறுபடி மூன்று. டப்பாவைக் குலுக்கினோம். பத்தொன்பது. அலவர் நின்றார்கள். ஒருவர் தரையில் திரும்பத் தட்டினார், அதாவது நான் தட்டினேன். அதற்குப் பிறகு அவர்களைக் கொல்லும் காட்சியை என்னால் சொல்ல முடியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அன்று டீச்சர் மணிமேகலையில் வரும் சாதுவன் கதையைச் சொன்னார். கப்பல் உடைந்து, ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் மலையில் ஒதுங்குகிறான். அவர்கள் ஆளைத் தின்பவர்கள், இவனையும் கொல்ல வருகிறார்கள். இவனுக்கு அவர்கள் மொழி தெரியும். பேசுகிறான், பிழைக்கிறான், தலைவனிடம் போய் உட்கார்ந்து கொலை வேண்டாம் என்றும் சொல்கிறான். எங்கள் ஆட்டத்தில் இப்போது இதுதான் எல்லைக்கோடு. பேச முடிகிற எதுவும் வெறும் எதிரியாக இருக்காது. அடுத்த தடைக்காலத்தில் யாராவது விரும்பினால் அந்த உடம்பில் பிறக்கலாம்.

2025-இல் பாம்பன் பெண் அலவராகவே பிறந்தாள். காது கிடையாது. மற்றவர்கள் பேசுவதைக் கையைப் பார்த்தோ, அதிர்வை உணர்ந்தோதான் புரிந்துகொள்ள வேண்டும். மிதக்கும் படகில் தரையே இல்லாததால் அவளுக்குப் பாதி விஷயம் தெரியாது. கரையில் கால் வைத்ததும் முதலில் தெரிவது அவளுக்குத்தான். லெவல் கூடும்போது ஓட்டைக் கழற்றுவாள். புது ஓடு இறுகும் வரை ஒரு நாள் முழுக்க எவர் அடித்தாலும் தாங்க மாட்டாள். அந்த ஒரு நாள் மற்ற நால்வரும் அவளைச் சுற்றிக் காவல் இருப்பார்கள். நான் எழுதிய விதிகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். வலிமை கூடும் நேரமே ஆபத்தான நேரம் என்பதால், லெவல் கூடுவதே ஒரு காட்சியாகிவிடுகிறது.

காக்கா எடுத்தது ஆவுளியா. கடல்பசுவை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கடல்புல் மேயும், சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கும், எழுபது வருடம் வரை இருக்கும். பெரிய உடம்பு, மூன்று மீட்டர் நீளம், நானூறு கிலோ என்று வளரக்கூடியது. இங்கேதான் 'படகில் ஏற்றிப் பார்' என்ற சோதனை எங்களுக்குக் கிடைத்தது. எந்த உடம்பை யோசித்தாலும் ஐந்து பேர் போகும் ஒரு வத்தையில் அதை ஏற்றிப் பார்க்க வேண்டும். இடம் இருக்கிறதா, எடை தாங்குமா, வெயிலில் காயுமா, பக்கத்தில் இருப்பவர் சாப்பிடுவதை அதுவும் சாப்பிடுமா? காக்காவை ஏற்றினால் வத்தை முழுகும். அதனால் அவர் பக்கத்தில் நீந்தி வருவார், இடுப்பில் ஒரு கயிறு. காற்று விழுந்தால் அவரே இழுப்பார். 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்களே, அந்த வரைபடத்தைத் தம்பி அச்செடுத்துக் கொண்டுவந்து பாயில் விரித்தான். கடல்புல் எங்கே இருக்கும் என்பது அதற்குப் பிறகு எங்கள் கதையில் உயிர்ப் பிரச்சினையாகிவிட்டது. காக்காவுக்குப் பசித்தால் எல்லாரும் சேர்ந்து புல்வெளி தேட வேண்டும்.

மாமா மகன் பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ் உடம்பு கேட்டான். எட்டுக் கையில் எட்டுக் கத்தி என்பது அவன் திட்டம். கை எத்தனை இருந்தாலும் ஒரு முறைக்கு ஒரு செயல்தான் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். இதை யார் நடத்தினாலும் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது, நடுவில் சொன்னால் பிடுங்குவது போலாகிவிடும். பதிலுக்கு நிறம் மாறுவதைக் கொடுத்தேன், கையால் தொட்டே சுவை அறிவதையும் கொடுத்தேன். ஆயுளையும் உள்ளபடியே வைத்தேன். பேய்க்கணவாய் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடம்தான் இருக்கும். எழுபது வருட ஆவுளியாவும் ஒரு வருடக் கணவாயும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகும்போது, நான் எழுதாத பேச்செல்லாம் அவர்களுக்குள் வந்தது.

பறக்கும் ஆசையைத் தம்பி விடவில்லை. பூநாரை உடம்பு கொடுத்தேன். பூநாரை நின்ற இடத்திலிருந்து எழும்பாது, ஓடித்தான் எழும்பும். முப்பது அடி ஓட இடமிருந்தால் பறக்கலாம். படகில் அந்த இடம் கிடையாது. பிரச்சினை தீர்ந்தது.

மனிதர் உடம்பு டீச்சருடையது. வேர்க்கும் உடம்பு அது ஒன்றுதான். மே மாத நண்பகலில் மணலில் மணிக்கணக்காக நடக்க மற்றவர்களால் முடியாது, காய்ந்துவிடுவார்கள். டீச்சர் குடத்தில் கடல்தண்ணீர் சுமந்துபோய் அவர்கள் மீது ஊற்றுவார். மனிதருக்கு விசேஷம் எதுவும் இல்லை என்று பலர் ஒதுக்குகிறார்கள். பக்கத்தில் என்ன உடம்பு நிற்கிறது என்பதைப் பொறுத்தது அது.

வேண்டாம் என்று விட்டவையும் உண்டு. தம்பிக்கு வானரராக ஆட ஆசை இருந்தது. ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அந்த ஆசை வராமல் இருக்காது. டீச்சர் ஒன்று கேட்டார்: "ஒன்னாம் நம்பர் கொட்டை வந்தா நீ வழுக்கி விழுவ, எல்லாரும் சிரிப்போம். பரவாயில்லையா?" அவன் யோசித்துவிட்டு வேண்டாம் என்றான். ஜின் பற்றி நான் காக்காவிடம் கேட்டேன். "அது எங்களுக்குக் கதை இல்ல தம்பி, நம்பிக்கை" என்றார். இரண்டும் அன்றோடு முடிந்தது. ஒருவர் கும்பிடுவதையோ நம்புவதையோ தோற்கவும் சாகவும் கூடிய கேரக்டராக்க மாட்டோம். இதைத் தனியாக உட்கார்ந்து முடிவு செய்யாமல், பாயில் இருப்பவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டுவிட வேண்டும். கேட்டால் சொல்லிவிடுகிறார்கள்.

எத்தனை வகை போதும் என்று கேட்பவர்களுக்கு என் அனுபவம் இது. 1974 ஆட்டத்திலேயே மனிதரோடு சேர்த்து நான்குதான் இருந்தன. எங்களிடம் ஐந்து. ஆடுகிறவர் எண்ணிக்கையைத் தாண்டினால், யாரும் பிறக்காத உடம்புகள் பட்டியலில் சும்மா கிடக்கும். அவர்கள் என்ன தின்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. முதல் வருடம் எனக்கு நடந்தது அதுதான்.

2025 ஜூன் 14 ராத்திரி கணவாயின் கதையை முடித்தோம். மறுநாள் மாமா மகன் கடலுக்குப் போக வேண்டும். ஐஸ் ஏற்றிவிட்டுத்தான் வந்திருந்தான். ஆவுளியா கயிற்றைத் தளர்த்தினார், கணவாய் பாறை நிறத்துக்கு மாறிப் பாறையிலேயே தங்கிவிட்டது. காக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. டப்பாவைக் கையில் எடுத்த மாமா மகன், படி இறங்கும்போது திரும்பி நின்றான். அவன் மனைவிக்கு அப்போது ஆறாம் மாதம்.

"மச்சான், கடல்குதிரையில ஆம்பளதான குட்டி சுமக்கும்?"

"ஆமா."

"அடுத்த வருசம் எனக்கு அந்த உடம்பு போட்டு வை."

நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நிமிர்ந்து நீந்தும், வாலால் கடல்புல்லைப் பிடித்துக்கொள்ளும், வயிற்றுப் பையில் குட்டி. நீரோட்டத்தில் தாங்காது, எதையாவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வத்தையில் ஏற்றினால் எதைப் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் இன்னும் எழுதவில்லை. காக்காவின் கயிறாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அவரிடம் கேட்க வேண்டும்.